கம்பளி நூலும் கெண்டியின் ஓசையும்

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பைக்காராவை அதன் அருவியாலும் படகுத்துறையாலும் அறிந்தவர் பலர். 1932ஆம் ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கிய நீர்மின் திட்டத்தின் பெயராக அறிந்தவரும் உண்டு. ஆனால் அங்கே ஓடும் ஆறு நீலகிரியின் பழங்குடியினரான தோடர்களுக்குப் புனிதமானது என்பதையும், அதைக் கடக்கும்போது அவர்கள் பூத்துக்குளிப் போர்வைக்குள்ளிருந்து வலக்கையை வெளியே எடுத்துக்கொண்டு செல்வது மரபு என்பதையும் நூலில் எழுதிவைத்த ஆங்கிலேயர், சடங்குகளை ஆராயும் நோக்கம் ஒன்றையே கொண்டு இம்மலைக்கு வந்தவர் அல்லர். கண்ணையும் தோலையும் நாக்கையும் அளப்பதற்கான கருவிகள் அடங்கிய பெட்டியோடு வந்த மனோதத்துவப் பரிசோதகர் அவர்.

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்னும் அப்பெரியார் 1864இல் பிறந்தவர். மருத்துவம் பயின்று, கேம்பிரிட்ஜில் புலன்களின் உடற்கூறும் பரிசோதனை மனோதத்துவமும் போதித்தவர். 1898இல் டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இடம்பெற்று, ஆய்வுச்சாலைக்கு வெளியே, எழுத்தறியாத மக்களிடையே, முறையான மனோதத்துவச் சோதனைகளை முதன்முதலாக நடத்தியவர்களுள் ஒருவர். அங்கே கண்டதை வேறொரு மக்களிடம் ஒப்புநோக்க விரும்பியே அவர் 1901-02இல் நீலகிரிக்கு வந்தார். அப்போது தோடர்கள் மொத்தம் ஏறத்தாழ 800 பேர். அவர்களுடைய சமூக வாழ்வைப் பற்றி அவர் 1906இல் வெளியிட்ட பெருநூலை மானிடவியலார் இன்றும் போற்றுகின்றனர். அவர்களுடைய புலன்களைப் பற்றி 1905இல் பிரிட்டிஷ் மனோதத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட நீண்ட கட்டுரையையோ படிப்பவர் அரியர். நம் விசாரணைக்கு வேண்டியது அந்தக் கட்டுரையே.

இரசாயனப் பரிசோதனையில் உப்புக்குத் தான் சோதிக்கப்படுவது தெரியாது. மனிதனுக்குத் தெரியும், தெரிந்ததும் அவன் மாறிவிடுகிறான். மனோதத்துவ ஆராய்ச்சியின் தொல்லை முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. நாம் ஒரு காரணத்தை மட்டும் வேண்டுமென்றே மாற்றி, அதனால் விளையும் காரியத்தை அளக்க நினைக்கிறோம்; ஆனால் அன்றைய வெளிச்சம், முந்தைய இரவின் உறக்கம், சோதிப்பவரின் முகபாவம், சுற்றி நிற்பவரின் சிரிப்பு, கேள்வி கேட்கப்பட்ட மொழி ஆகிய எத்தனையோ காரணங்கள் அழையா விருந்தாளிகளாக உள்ளே நுழைந்து, நாம் அளந்த காரியத்தில் தத்தம் பங்கைச் சேர்த்துவிடுகின்றன. இவற்றைத்தான் இன்றைய பாடநூல்கள் புற மாறிகள் என்றும் வேண்டாத மாறிகள் என்றும் வழங்குகின்றன. பாடநூல்கள் இவற்றுக்குத் தரும் பரிகாரங்களைப் படித்தால் காரியம் எளிது என்றே தோன்றும். மலைச்சரிவில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தவருக்கு அது எளிதாக இருந்திருக்க முடியாது.

ரிவர்ஸின் முன் இருந்த வினா அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. காட்டிலும் மலையிலும் வாழும் மக்களின் புலன்கள் ஐரோப்பியரின் புலன்களைவிட அதிசயமான கூர்மை உடையவை என்று பிரயாணிகள் பலர் எழுதிவந்தனர். எதிர்ச்சரிவில் புள்ளியாக மேயும் எருமைகளுள் தன்னுடையது எது என்று ஒரு தோடர் சொல்லிவிடுகிறார் என்றால், அது கண்ணின் கூர்மையா, அல்லது அந்த எருமையின் நடையும் கொம்பும் அது வழக்கமாக மேயும் இடமும் அவருக்கு மனப்பாடமாக இருப்பதன் பயனா? பிரயாணி இரண்டையும் பிரிக்கவில்லை. பரிசோதகர் பிரித்தாக வேண்டும். ஆகவே பழகிய பொருளை நீக்கிவிட்டு, ஈ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவம் பல திசைகளில் திருப்பி அச்சிடப்பட்ட அட்டையைத் தூரத்தில் நிறுத்தி, கையிலுள்ள அதே வடிவத்தை அதே திசையில் திருப்பிப் பிடிக்கச் சொல்லும் முறையை ரிவர்ஸ் கையாண்டார். எழுத்தறிவு வேண்டியதில்லை, வாய்ச்சொல்லும் வேண்டியதில்லை. அனுபவம், கல்வி, மொழி ஆகிய மூன்று வேண்டாத மாறிகளை ஓர் அட்டை வெளியேற்றிவிட்டது. கண்ணின் கூர்மையில் பிரயாணிகள் சொன்ன அதிசயம் எதுவும் இல்லை என்பதே டாரஸ் தீவுகளில் அவர் கண்ட முடிவு; நீலகிரியும் அதை மறுக்கவில்லை.

வர்ண சோதனை இன்னும் நுட்பமானது. ஸ்வீடன் நாட்டு உடற்கூற்று அறிஞர் ஹோல்ம்கிரென், 1875இல் அந்நாட்டில் நடந்த ரயில் விபத்துக்குப் பின்னர், ரயில்வே ஊழியரில் நிறக்குருடரைக் கண்டுபிடிக்க ஏற்படுத்திய முறை அது. பல நிறங்களில் கம்பளி நூற்கற்றைகளின் ஒரு குவியல் கீழே கிடக்கும். வெளிர்பச்சைக் கற்றை ஒன்றைக் கையில் கொடுத்து, அதைப் போன்றவற்றைக் குவியலிலிருந்து எடுத்து வைக்கச் சொல்வார்கள். நிறத்தின் பெயரை யாரும் கேட்பதில்லை. சிவப்பு-பச்சைக் குருடு உள்ளவரின் கை சிறிதும் தயங்காமல் சாம்பல் நிறக் கற்றைக்கும் மங்கிய பழுப்புக் கற்றைக்கும் போய், அவற்றைப் பச்சையோடு சேர்த்து வைக்கும். அருகில் நிற்பவர் வியப்பார், எடுத்தவரோ தாம் சரியாகத்தான் செய்தோம் என்று நிமிர்ந்து பார்ப்பார். இந்த முறையில் ரிவர்ஸ் 503 தோடர்களைச் சோதித்தார். ஒரு சமூகத்தின் மொத்த மக்களில் பாதிக்கு மேற்பட்டோரைத் தனியொருவர் இவ்வாறு சோதித்தது எந்தக் காலத்திலும் சாமானியமான காரியம் அன்று. 320 ஆண்களில் 41 பேர், அதாவது 12.8 சதவீதத்தினர், நிறக்குருடர். 183 பெண்களில் இருவர் மட்டுமே, அதாவது 1.1 சதவீதம். இந்த எண்களைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியேற்ற முடியாதவையும் இருந்தன. முதலாவது வெளிச்சம். நீலகிரியில் மேகம் தரையில் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி விலகுவதைப் பார்த்தவருக்கு, காலை சோதித்தவரையும் மாலை சோதித்தவரையும் ஒரே ஒளியில் சோதித்ததாகச் சொல்வது எவ்வளவு துணிச்சல் என்பது விளங்கும். மாறாத விளக்கை ஏற்றி வைக்க மின்சாரமோ அன்று மலையில் இல்லை. டாரஸ் தீவுச் சோதனைகளைப் பின்னாளில் ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகத்து டிட்சனர், 1916இல் வெளியிட்ட விமரிசனத்தில், ஒளியும் சூழலும் வேறாக இருக்கையில் தீவினரையும் ஐரோப்பியரையும் ஒப்பிட்டுப் பெற்ற வித்தியாசங்களை இனத்தின் குணமாகக் கொள்வதற்கில்லை என்று வாதித்தார். அவ்வாதத்தின் பெரும்பகுதி நியாயமானதே என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது, சோதிக்கப்படுபவரின் ஊக்கம். கறுப்பர் வெள்ளையரைவிட நன்றாகப் பார்க்கவும் கேட்கவும் வல்லவர் என்று சிலர் சொல்கிறார்கள், அது உண்மையா என்று அறியவே வந்திருக்கிறோம், நீங்கள் செய்து காட்டுவதெல்லாம் பெரிய புத்தகத்தில் எழுதப்படும் என்று டாரஸ் தீவினரிடம் ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதை ஒளிக்காமல் அறிக்கையிலும் எழுதினார்கள். இச்சொல் தீவினரின் சிரத்தையைத் தூண்டியது. கூடவே ஒரு பெரிய வேண்டாத மாறியையும் உள்ளே விட்டது. போட்டி மனப்பான்மையோடு கண்ணைக் கூர்ந்து நோக்கிய தீவினரை, அதே தூண்டுதல் இல்லாத இங்கிலாந்துக் கிராமத்தாரோடு எப்படி ஒப்பிடுவது?

மூன்றாவது, சுற்றி நிற்கும் கூட்டம். தோடர்களின் குடியிருப்பாகிய மந்தில் ஒருவரைச் சோதிக்கையில் மற்றவர் விலகி நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவத்தை அறியாதவர் செய்கை. பிறர் முன்னிலை ஒருவரின் செயலை மாற்றுகிறது என்பதை இந்தியாவிலேயே பின்னர் சோதித்தும் பார்த்தார்கள்: கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவத் துறையை வளர்த்த நரேந்திரநாத் சென்குப்தாவும் அவரோடு சேர்ந்த சின்ஹாவும் 1926இல் வெளியிட்ட ஆய்வு, தனிமையில் செய்யும் மனவேலையையும் கூட்டத்தில் செய்யும் மனவேலையையும் ஒப்பிட்டு, கூட்டத்தில் வேலையளவு கூடுவதைக் காட்டியது. அப்படியானால் கூட்டத்தைத் துரத்திவிடுவதுதான் முறையா? மந்தில் வாழும் ஒருவர் தனியாக, அந்நியர் ஒருவர் எதிரில், மூடிய அறையில் உட்காரவைக்கப்பட்டால், அவருடைய இயல்பான நிலை அதுதானா என்ற கேள்வி உடனே எழும். ஒரு மாறியை வெளியேற்றுவது வேறொன்றை அழைத்து வருகிறது.

இத்தகைய நெருக்கடியில் ரிவர்ஸுக்குக் கைகொடுத்தது, ஓரளவு அவர் திட்டமிட்டதாலும் ஓரளவு அதிருஷ்டத்தாலும் அமைந்த ஓர் ஏற்பாடு. கண்ணை ஏமாற்றும் இரு வடிவங்களை அவர் தோடர்களுக்குக் காட்டினார். ஒன்றில் சம நீளமுள்ள இரு கோடுகள். ஒரு கோட்டின் முனைகளில் உள்நோக்கி மடங்கிய அம்புக்கால்கள், மற்றதில் வெளிநோக்கி விரிந்தவை. விரிந்தது நீளமாகத் தோன்றும். மற்றொன்றில் கிடைக்கோடும் அதன்மேல் எழும் செங்குத்துக் கோடும். நீளம் ஒன்றாயினும் செங்குத்து நெடியதாகத் தோன்றும். கோட்டின் ஒரு பகுதியை நகர்த்தி, இரண்டும் சமமாகத் தோன்றும் இடத்தில் நிறுத்தும்படி கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஏற்படும் பிழையின் அளவைக் குறித்துக்கொண்டார். முதல் வடிவத்தில் தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாக ஏமாந்தனர். இரண்டாவதில் ஆங்கிலேயரைவிட அதிகமாக ஏமாந்தனர்.

இதன் அழகை நின்று பார்க்க வேண்டும். தோடர்கள் அசிரத்தையாகச் செய்தார்கள் என்றோ, கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றோ, பரிசோதகரை மகிழ்விக்க முயன்றார்கள் என்றோ, அல்லது அவர்களுடைய அறிவு கூடியது, குறைந்தது என்றோ ஒருவர் சொல்லலாம். ஆனால் அப்படிப்பட்ட பொதுக்காரணம் எதுவானாலும் அது இரு வடிவங்களிலும் ஒரே பக்கம்தான் தள்ளியிருக்கும். ஒன்றில் குறைத்து மற்றொன்றில் கூட்டும் பொதுக்காரணத்தை நினைப்பதே கடினம். கூட்டத்தையும் மேகத்தையும் வெளியேற்ற இயலாத பரிசோதகர், அவை செய்திருக்கக்கூடியதை விளைவின் உருவத்தாலேயே மறுத்துவிட்டார். இதனோடு, ஒருவரே திரும்பத் திரும்பச் செய்த அளவைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் அவர் கவனித்தார். ஊகித்து நிறுத்துபவனின் அளவைகள் சிதறும், கவனித்து நிறுத்துபவனுடையவை நெருங்கியிருக்கும். கட்டடங்களின் நேர்கோணங்களிடையே வளர்ந்தவருக்கு அம்பு வடிவமும், பரந்த வெளியைப் பார்த்து வளர்ந்தவருக்குச் செங்குத்து வடிவமும் கூடுதலாக மயக்கம் தரும் என்ற கருதுகோளை அமெரிக்க ஆய்வாளர் சீகால், காம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் பல நாட்டு மக்களிடம் சோதித்து 1966இல் நூலாக வெளியிட்டபோது, ரிவர்ஸின் இந்த இருவகை முடிவே அவர்களுக்குத் தொடக்கமாக இருந்தது. அவர்களுடைய விளக்கத்தின்மேல் வாதங்கள் பல எழுந்தன. அவை வேறு கதை.

மலையில் அவர் எதிர்பாராத மாறி ஒன்று இருந்தது. அது அவர்தாம். புனிதச் சடங்குகளைப் பற்றி அவரிடம் விவரம் சொன்னவர்களுக்குச் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இடர்கள் நேர்ந்தன. மறைபொருளை அந்நியரிடம் வெளியிட்டதால் தெய்வங்கள் கோபித்தன என்று குறிசொல்வோர் தீர்ப்பளித்தனர். விவரம் சொல்ல வருவோர் தொகை குறைந்தது. இதையும் ரிவர்ஸ் தம் நூலின் முகப்பிலேயே எழுதியிருக்கிறார். முதல் வாரத்தில் அவர் எதிரே உட்கார்ந்த சமூகமும் கடைசி வாரத்தில் உட்கார்ந்த சமூகமும் ஒன்றல்ல. இடையே அவர் வந்திருந்தார் என்பதே வித்தியாசம்.

இந்த அனுபவத்துக்குப் பின் கேம்பிரிட்ஜ் திரும்பியவர், எதையும் தப்பவிடாத கட்டுப்பாட்டை நாடியதில் வியப்பில்லை. 1903 ஏப்ரலில் நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட் தம் முன்கையின் தோல் நரம்பைத் தாமே விரும்பி அறுக்கச் செய்தார்; உணர்ச்சி எந்த வரிசையில் திரும்பி வருகிறது என்று பார்ப்பதே நோக்கம். புனித ஜான் கல்லூரியில் ரிவர்ஸின் அறைகளில், ஹெட் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ரிவர்ஸ் கையின் ஒவ்வொரு புள்ளியையும் சூட்டாலும் குளிராலும் ஊசியாலும் பஞ்சாலும் ஆண்டுக்கணக்கில் சோதித்தார். சோதனையின்போது கேள்வி கேட்பதில்லை. சரி, தவறு என்று சொல்வதும் இல்லை. இருந்தும் ஒரு குறை தென்பட்டது: பனிக்கட்டி கண்ணாடியில் மோதிக் கலகலத்தாலோ, அடுப்பிலிருந்து கெண்டியை எடுக்கும் ஓசை கேட்டாலோ, அடுத்து வருவது குளிரா சூடா என்று ஹெட்டின் மனம் முன்கூட்டியே நிச்சயித்துக்கொண்டது. அதனால் ரிவர்ஸ் குழாய்களை முன்னரே நிரப்பி, வெந்நீர்ச் சாடியையும் தண்ணீர்ச் சாடியையும் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக வைத்து, வேண்டிய சூட்டுக்கு ஓசையின்றிக் கலந்துகொள்ளும்படி ஏற்பாடு செய்துவிட்டார்.

அடுத்து ரிவர்ஸ் தம்மையே கட்டுப்பாட்டுக்குள் அடைத்துக்கொண்டார். மதுவும் காப்பித் தூளிலும் தேயிலையிலும் உள்ள காபினும் தசையின் களைப்பை எப்படி மாற்றுகின்றன என்று, விரலால் எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கும் மொஸ்ஸோவின் கருவியால் அளந்தபோது, முந்தைய ஆய்வாளர்கள் கண்ட பெரும் பலன்களில் கணிசமான பகுதி, மருந்து குடிக்கிறோம் என்ற எதிர்பார்ப்பாலும் ஆர்வத்தாலும் விளைந்ததாக இருக்கலாம் என்று சந்தேகித்தார். ஆகவே சோதனைக் காலத்தில் மது, காப்பி, தேயிலை முதலியவற்றை அறவே விட்டுவிட்டு, மருந்து கலந்ததற்கும் கலவாததற்கும் சுவையில் வித்தியாசம் தெரியாத இரு பானங்களைத் தயாரிக்கச் செய்து, எந்த நாளில் எதைக் குடித்தோம் என்று தாமே அறியாதபடி குடித்தார். வெப்பர் என்பவருடன் சேர்ந்து 1907இல் காபினைப் பற்றியும், தனியாக 1908இல் மதுவையும் பிற மருந்துகளையும் பற்றியும் அவர் வெளியிட்ட எழுத்துக்கள், இன்று மருந்துச் சோதனைகளில் வழக்கமாகிவிட்ட மறைப்பு முறைக்கு முன்னோடிகள். இம்முறையில் சோதித்தபோது சிறு அளவு மதுவின் பலன் என்று எதுவும் எஞ்சவில்லை. 1911இல் அமெரிக்காவில் கோக்கோ கோலாவின்மீது வழக்கு நடந்தபோது மனோதத்துவ அறிஞர் ஹாலிங்வொர்த் 16 பேருக்கு 40 நாட்கள் நடத்திய காபின் சோதனையும் இந்த வழியே சென்றது. கொடுப்பவருக்கும் அங்கே உண்மை தெரியாது.

கேம்பிரிட்ஜ் அறைக்குள் நுழையாமல் தடுக்கப்பட்டவற்றின் பட்டியல் நீண்டது. ஒளி, ஓசை, கூட்டம், மொழி, ஊக்கம், நம்பிக்கை எல்லாம் வாசலுக்கு வெளியே. அப்படியானால் அங்கே கண்ட உண்மை மலையில் கண்டதைவிட உறுதியாக நிலைத்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. தோலில் பழமையானதும் நுட்பமானதும் ஆகிய இருவகை நரம்பமைப்புகள் உள்ளன என்று ஹெட்டும் ரிவர்ஸும் 1908இல் அறிவித்தனர். மறு ஆண்டே அறுவை மருத்துவர் வில்பிரெட் டிராட்டர் தம் உடலில் பல தோல் நரம்புகளை அறுக்கச் செய்து, டேவிஸுடன் சேர்ந்து சோதித்து, அந்தப் பிரிவினை தென்படவில்லை என்று எழுதினார். பிற்கால நரம்பியல் டிராட்டரின் பக்கமே சாய்ந்தது. கெண்டியின் ஓசையை அடக்கிய அறையில், கண்மூடி உட்கார்ந்திருந்தவர் யார்? அந்தக் கொள்கையை உருவாக்கியவரே. அவர் ஒருவரே. எந்த வரிசையில் உணர்ச்சி திரும்பும் என்று அவர் எதிர்பார்த்தாரோ, அந்த எதிர்பார்ப்பை எந்தச் சாடியின் அமைதியும் வெளியேற்ற முடியாது. அவரோடு ஒப்பிட வேறொருவரின் கையும் அங்கில்லை. ரிவர்ஸின் மனத்தில் நேர்மைக்குக் குறைவிருந்ததாக நான் சொல்லவில்லை. சிறியனவற்றை வெகு சிரத்தையாகத் துரத்துபவர், தம் சிரத்தையே தமக்குப் போதுமான சாட்சி என்று நம்பிவிடுவது இயல்பு.

மலையில் எடுத்த எண்களுக்கு இப்போது வருவோம். ஆண்களில் 12.8 சதவீதம், பெண்களில் 1.1 சதவீதம். ஐரோப்பிய ஆண்களில் நிறக்குருடு ஏறத்தாழ 8 சதவீதம். தோடரிடம் அது அதிகம். மேகத்தாலும் கூச்சத்தாலும் கேள்வி புரியாமையாலும் இந்த எண் பெருகியிருக்குமோ என்று டிட்சனரைப் பின்பற்றிச் சந்தேகிக்கலாம். ஆனால் மேகமும் புரியாமையும் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. அந்நியர் எதிரில் கூச்சமோ பெண்களிடம்தான் கூடுதலாக இருக்கும். அவற்றால் விளைந்ததாயின் பெண்களின் எண்ணிக்கையும் ஏறியிருக்க வேண்டும். இன்னும் ஒரு படி போகலாம். நிறக்குருட்டுக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. ஆகவே ஆண்களில் 0.128 என்றால், இரண்டிலும் அதே குறை வாய்க்கும் பெண்களின் விகிதம் 0.128-ஐ அதனாலேயே பெருக்க வரும் 0.0164, 183 பெண்களில் அது 3 பேர். சிவப்புக் குறையும் பச்சைக் குறையும் தனித்தனி மரபணுக்களால் வருவதால் எதிர்பார்ப்பு இதைவிடச் சற்றுக் குறையும். ரிவர்ஸ் கண்டது 2 பேர்.

அவர் கம்பளிக் கற்றைகளைப் பரப்பி உட்கார்ந்த நாட்களில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. நிறக்குருட்டை எக்ஸ் குரோமோசோமோடு இணைத்தது 1910க்குப் பின் வந்தவர்கள். எந்த விடை வரவேண்டும் என்று எதிர்பார்க்கவும், எதிர்பார்த்ததை அறியாமல் கற்றைகளுக்குள் கலந்துவிடவும், அவரிடம் ஒரு கொள்கையும் இருக்கவில்லை.